மணிக்கட்டில் எரிந்த லைட்

சந்திராவுக்குக் கோபம் வந்தால் பஜாருக்கே தெரியும் என்று திருத்தணியில் என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற பெண்பிள்ளை சாந்தமாக இருந்தால், செட்டைத் திரும்ப வாங்க வருகிறவர்கள் "உங்க வீட்டுக்காரரு இல்லியாம்மா? அவருதானே பார்த்தாரு?" என்று கேட்பார்கள். எனக்கு வீட்டுக்காரரே கிடையாது. சென்னையில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தது நான், ஸ்டேஷன் ரோட்டில் கடை போட்டது நான், ஈயத்தை உருக்கி ஒயருக்குச் சூடு வைத்துச் சூடு வைத்து விரல் நுனி காய்த்துப் போனதும் எனக்குத்தான். ஆனால் இப்போது சொல்லப் போவது கடைக் கோபம் இல்லை. என் அக்கா மனோரமாவின் புருஷன் சிங்காரம் பாவா மேலும், தறி முதலாளி ராஜகோபால் மேலும் வந்த கோபம். அது இன்னும் இறங்கவில்லை.

பாவா அம்மையார்குப்பத்தில் ராஜகோபாலின் ஷெட்டில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறுவார். அந்த வருஷம் பாதிப் படியில் காவடியோடு உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்துப் போயிருந்தது, கண் மேலே செருகிக்கொண்டிருந்தது, மார்பு கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. பம்பைக்காரர் என்ன நினைத்தார் தெரியுமா? சாமி வந்துவிட்டது என்று நினைத்தார். காதுக்குப் பக்கத்தில் வந்து இன்னும் பலமாக அடித்தார். கூட வந்தவர்கள் அரோகரா என்று கத்தினார்கள். என் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் போய்ப் பம்பைக்காரரின் குச்சியைப் பிடுங்கிப் படிக்கு வெளியே எறிந்தேன். சாமி குத்தம் என்று பின்னால் நிறையப் பேர் சொன்னார்கள். மனுஷன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக் கும்பிடு போடுவது என்ன குத்தம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்துக்குள் இருக்கும் கதவு ஒன்றைச் சுருக்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்து திறந்துவிடலாம், ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஒன்றே ஒன்றுதான் முக்கியம். இதயம் வேகமாக ஓடக் கூடாது. ஓடினால் அந்தச் சின்னக் கதவு வழியாக ரத்தம் போய்ச் சேராது, நுரையீரலில் நீர் கட்டும், ஆள் போய்விடுவார்.

"நாடியை அடிக்கடி தொட்டுப் பாருங்க. வேகமா போனா, எந்த வேலையா இருந்தாலும் விட்டுட்டு உட்காருங்க. அடங்கின பிறகுதான் எழுந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

ஆங் ஆங் என்று பாவா தலையை ஆட்டினார். வேலையை விட்டுவிட்டு உட்காரச் சொன்னால் அவர் தலையை மட்டும்தான் ஆட்டுவார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மறுவாரம் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். விசைத்தறி ஷெட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே காது மட்டும் அடைப்பதில்லை. தரை ஆடும், சுவர் ஆடும், பல் ஆடும். என் மணிக்கட்டில் நானே விரலை வைத்துப் பார்த்தேன். தறி அடிப்பதுதான் தெரிந்தது. என் நாடி எங்கே போனதென்றே தெரியவில்லை. அதுவும் பாவாவுக்கு ஏது விரல்? ஒரு கை அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறது, இன்னொரு கை நாடாவுக்குள் நூல் சுற்றிய தார்க்குச்சியை மாற்றுகிறது. நாடி பார்க்க மூன்றாவது கை வேண்டும்.

அந்த மூன்றாவது கையைத்தான் நான் செய்ய நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நாடித் துடிப்பைக் காட்டும் வெளிநாட்டு மிஷின் ஒன்று இருந்தது. வார்டுக்கே ஒன்று. அதன் விலைக்கு எங்கள் தெருவையே வாங்கிவிடலாம். நான் எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். செய்வது உடம்பில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரி இருக்க வேண்டும். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோ விலையைத் தாண்டக் கூடாது. நெசவாளி வாங்க முடியாத வைத்தியம் நெசவாளிக்கு எதற்கு?

காது மடலுக்கு ஒரு கிளிப். கிளிப்பின் ஒரு பக்கம் சின்ன பல்ப், மறுபக்கம் வெளிச்சம் பட்டால் உணரும் வில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் மடலில் ரத்தம் ஏறி இறங்கும்போது ஊடே வரும் வெளிச்சம் மங்கித் தெளியும். அதை ஒயர் வழியாக இடுப்பில் கட்டிய சோப்பு டப்பாவுக்குக் கொண்டுவந்தேன். சர்க்யூட்டும் ரேடியோ பேட்டரியும் டப்பாவுக்குள். அங்கிருந்து இன்னொரு ஒயர் மணிக்கட்டுக்கு. பழைய வாட்ச் பட்டையில் கடிகாரத்துக்குப் பதில் ஒரு சிவப்பு லைட். துடிப்பு எல்லையைத் தாண்டினால் அது எரியும். சத்தம் வைத்தால் ஷெட்டில் யார் காதில் விழும்? அதனால்தான் லைட்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. முதலில் செய்தது டியூப் லைட்டுக்கு அடியில் போனாலே பைத்தியம் பிடித்த மாதிரி எரிந்தது. டியூப் லைட்டின் நடுக்கத்தை அது நாடி என்று எண்ணிக்கொண்டது. கிழிந்த குடைத்துணியைத் தைத்துக் கிளிப்புக்கு உறை போட்டேன். அடுத்தது பாவா உட்கார்ந்திருக்கும்போதே எரிந்தது. ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பார்த்தேன், மனுஷர் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார். தாடை ஆட, காது ஆட, கிளிப் ஆடுகிறது.

"வெத்தலையை விடுங்க பாவா."

"உன் டப்பாவை மாத்து. முப்பது வருஷத்து வெத்தலைய நான் எதுக்கு விடணும்?"

சண்டை போட்டு விட வைத்தேன். வேர்வையில் வில்லை கெட்டுப் போகாமலிருக்க மெழுகு பூசினேன். பார்ட்ஸ் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கும் திருத்தணிக்கும் ரயிலில் போய் வந்தே என் செருப்பு தேய்ந்தது. கடைசியில் சரியாக வந்தது. பாவா தறிக்கும் தறிக்கும் நடுவே ஓடினார், லைட் எரிந்தது. நூல் பெட்டி மேல் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் அணைந்தது. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஷெட் என்றும் பார்க்காமல் கையைத் தட்டினேன்.

என் வேலையில் தப்பில்லை. தப்பு பாவாவின் வாயில் இருந்தது.

ராஜகோபால் ஒருநாள் அந்த லைட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். பாவாவுக்கு வியாதியைச் சொல்ல வெட்கம், பயம். நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் அடுத்த நாளே வேறு ஆளை வைத்துவிடுவார் முதலாளி. அதனால், "மச்சினிச்சி பண்ணிக் குடுத்துச்சிங்க. நெஞ்சு துடிக்கறதைப் பார்த்துகினே இருக்கும். வேலை மும்முரமா நடந்தா எரியும்" என்று சொல்லியிருக்கிறார்.

வேலை மும்முரமாக நடந்தால் எரியும்! தறி முதலாளி காதில் இதைப் போடலாமா? தறி எத்தனை ஓடியது என்று காட்ட மீட்டர் இருக்கிறது, இழை அறுந்தால் தறியே நின்று காட்டிக்கொடுக்கிறது. ஆள் ஓடுகிறானா உட்கார்ந்திருக்கிறானா என்று காட்டத்தான் அவரிடம் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

அடுத்த வாரம் என் கடைக்கே வந்துவிட்டார். முறைக்கு அவர் எனக்குச் சித்தப்பா ஆக வேண்டும். பாவா அவரை மாமா என்று கூப்பிடலாம். ஆனால் ஷெட்டுக்குள் மொதலாளிதான்.

"சந்திரா, நம்ம ஜனத்துல இப்படி ஒரு பொண்ணு கீதேன்னு எனக்குப் பெருமையா கீதும்மா. சிங்காரத்துக்குப் பண்ண மாதிரியே என் ஆளுங்க எல்லாருக்கும் வேணும். ஆளுங்க உடம்பை நாமதானே பார்த்துக்கணும்?"

நான் நம்பினேன். ஒரு தறி முதலாளி ஆளுங்க உடம்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று என் கண்ணில் தண்ணீரே வந்தது.

"ஒவ்வொருத்தர் உடம்புக்கும் எல்லை வேற சித்தப்பா. டாக்டர்கிட்ட காட்டி, அவங்க சொல்ற மாதிரி வெக்கணும்" என்றேன்.

"அதெல்லாம் வேணாம்மா. சிங்காரத்துக்கு வெச்ச அளவே எல்லாருக்கும் இருக்கட்டும். ஒருத்தனுக்கு ஒரு அளவுன்னா சண்டை வரும்."

அது தாழ்ந்த எல்லைதானே, ஜாக்கிரதையாக இருப்பதில் நஷ்டம் என்ன என்று நானும் ஒத்துக்கொண்டேன். செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றையும் என் கையாலேயே மாட்டிவிட்டு, "எரிஞ்சா உட்காருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தறிச் சத்தத்தில் யார் காதில் என்ன விழுந்ததோ.

பேட்டரி மாற்றுகிற நாளில் மறுபடி போனேன். வாசலிலேயே எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. பஞ்சாட்சரம் என்று ஒரு தொழிலாளி, நல்ல திடகாத்திரமான ஆள், நூல் அறைக்குப் பின்னால் நின்று தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணே, வேண்டுதலா?"

"நீ வேற ஏம்மா! லைட்டு எரிய மாட்டேங்குது. எரியாம உள்ள போனா மொதலாளி சும்மா கீறியான்னு திட்றாரு. இருபது முப்பது தபா போட்டா எரியுது. எரியறதோட ஓடிப் போயி நின்னுக்கறேன்."

உள்ளே போனேன். ராஜகோபால் தன் ரூமுக்கு ஷெட்டைப் பார்த்து ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார். அதற்குள் உட்கார்ந்துகொண்டு, தூசி மண்டிய இருட்டில் எங்கெங்கே சிவப்பாக எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்த இடத்தை நோக்கி மேஸ்திரி ஓடுகிறான், அதட்டுகிறான். இருக்கிற தறியை விட்டுவிட்டு ஆட்கள் வெறுமனே குதிக்கிறார்கள். வாசலுக்கு நேரே, எல்லோருக்கும் முன்னால், என் பாவா. முன்பு ஓட்டியது போல இரண்டு மடங்கு தறி. மணிக்கட்டில் லைட் அணையாமல் எரிகிறது. ஆயுதபூஜைக்கு முதலாளி அவர் கழுத்தில் போட்ட மாலை தறிக் கம்பத்தில் காய்ந்து தொங்குகிறது. உதடு நீலம்.

நெஞ்சில் கோளாறு இருக்கிறவருக்குக் கொஞ்சம் நடந்தாலே லைட் எரியும். மற்றவர்களுக்கு ஓடினால்தான் எரியும். எல்லோருக்கும் ஒரே அளவு. ஆக, ஷெட்டிலேயே பெரிய வியாதிக்காரர்தான் ஷெட்டிலேயே பெரிய உழைப்பாளி! அதற்கு மாலை வேறு!

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் நான் கத்தினது மூன்றாவது தெரு வரை கேட்டிருக்கும்.

"கழட்டுங்க பாவா. நாளைக்கே கழட்டுங்க. அது உட்காரச் சொல்லி எரிஞ்சா, நீங்க ஓடச் சொல்லி எரியுதுன்னு நினைச்சிகினு ஓட்றீங்களே!"

பாவா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்கே மூச்சு வாங்கியது. "இத்தினி வருஷம் அந்த ஷெட்ல கீறேன். ஒரு நாளாவது என் பேரு சொல்லிக் கூப்ட்டு கீறாரா அவரு? டேய், ஏய்னுதான். இப்போ சிங்காரத்தைப் பாருங்கடான்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு."

"செத்துப் போனாலும் சொல்லுவாரு. சிங்காரம் நல்லா உழைச்சான்னு."

"சந்திரா!" அக்கா எழுந்து வந்தாள். "வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனக்கு? ஆபரேசன் வரைக்கும் சோறு எங்கேருந்து வரும்? அந்த லைட்டு எரியறதாலதான் அவரை வெச்சிகினு கீறாங்க. நீ பண்ணதுதானே அது? பண்ணிட்டு இப்போ நீயே புடுங்குவியா?"

நியாயமான கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். அக்கா போட்டு வைத்த சோற்றைச் சாப்பிடாமல் கடைசி பஸ் பிடித்து வந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ராஜகோபாலிடம் போய்ச் சண்டை போடலாம். போட்டால் என்ன ஆகும்? பாவாவின் வியாதியைச் சொல்ல வேண்டி வரும், மறுநாளே வேலை போகும். பாவா கழற்ற மாட்டார். முதலாளி கழற்ற விடமாட்டார். லைட் எரிவதில்தான் பாவாவுக்குப் பெருமை, முதலாளிக்கு லாபம். சரி, எரியட்டும். நன்றாக எரியட்டும்.

பேட்டரி பழுது என்று சொல்லி எல்லா டப்பாவையும் கடைக்கு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு ஒயரைப் பிடுங்கி இடம் மாற்றிச் சூடு வைத்தேன். அவ்வளவுதான் வேலை. இனிமேல் நாடி அடங்கி இருந்தால் லைட் எரியும். எல்லையைத் தாண்டினால் அணையும். எல்லையையும் அவரவர் உடம்புக்குத் தக்கபடி திருகி வைத்தேன். எந்நேரமும் எரிவதால் பேட்டரி சீக்கிரம் தீரும். தீரட்டும், அது முதலாளி வாங்கிப் போடுகிற பேட்டரி.

ஷெட்டுக்கு எதிரே டீக்கடையில் ஆட்களைக் கூட்டிச் சொன்னேன். "இனிமே குதிக்காதீங்க. ஓடினா அணையும். லைட்டு எரியணும்னா நிதானமா வேலை செய்ங்க. அணைஞ்சா பொட்டி மேல உட்காருங்க, தானே எரியும்."

பஞ்சாட்சரம் டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு சிரித்தார். பாவா சிரிக்கவில்லை. என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்.

"உட்கார்ந்துகினு கூலி வாங்கச் சொல்றியா என்னை?"

"ஆங், சொல்றேன். உங்களுக்கு நம்பர் ஒன்னா இருக்கணும்னு ஆசை கீது இல்ல? இருங்க. எல்லாரையும் விட நல்லா உட்காருங்க."

அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஆனால் லைட் அணைந்தால் அவருக்குப் பொறுக்காது. ஷெட்டில் முதல் ஆள் பேர் போய்விடுமே! அணையும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று பஞ்சாட்சரம் வந்து சொன்னார். எதற்காகவோ உட்கார்ந்தாரே, எனக்கு அது போதும். தறி பாட்டுக்கு ஓடியது. இழை அறுந்தால் ஆள் எழுந்து போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ராஜகோபாலுக்கு ஆள் தெரியவில்லை, சிவப்புதான் தெரிந்தது. ஷெட் முழுக்கச் சிவப்பு. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

பெருமை தாங்காமல் மற்ற முதலாளிகளைக் கூப்பிட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார். விளக்கம் சொல்ல என்னையும் வரச் சொன்னார். பள்ளிப்பட்டிலிருந்து நாகேந்திரன் என்கிற பெரிய தறி முதலாளியும், அவரோடு இரண்டு பேரும் காரில் வந்தார்கள். அவர்களுக்காகத் தறிகளை நிறுத்தி, ஆட்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். எல்லார் மணிக்கட்டிலும் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"பாருங்க, எப்படி எரியுது! வேலைன்னா அப்படி ஒரு வேலை. இவனுங்க ரத்தத்துலயே வேலை ஊறிப் போச்சு" என்றார் ராஜகோபால்.

"தறிதான் நிக்குதே, இப்போ இன்னா வேலை செய்றாங்க?" என்றார் நாகேந்திரன். புத்திசாலி.

ராஜகோபாலுக்கு ரோஷம் வந்துவிட்டது. பஞ்சாட்சரம் காதிலிருந்த கிளிப்பைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். டப்பாவை இடுப்பில் செருகி, லைட் வைத்த பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். காலையிலிருந்து மேஸ்திரியைத் திட்டி, சமையலாளைத் திட்டி, கார் வந்ததும் ஓடி, வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்த உடம்பு. லைட் எரியவில்லை.

"இன்னாப்பா, நீ வேலையே செய்யலன்னு சொல்லுது?" என்று நாகேந்திரன் சிரித்தார்.

"ஏம்மா சந்திரா, ஏன் எரியல?" ராஜகோபால் கையை உதறினார். டப்பாவைத் தட்டினார். ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேகமாக நடந்தார். எரியவில்லை. "இன்னா மிஷினு பண்ணிக் குடுத்து கீறே நீ? நாலு பேர் முன்னால மானத்தை வாங்கறியா?" என்று தொண்டை கிழியக் கத்தினார். எரியவே இல்லை. ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஞ்சாட்சரம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கத்திக் கத்தி ஓய்ந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார் ராஜகோபால். யாரோ சோடா கொண்டுவந்தார்கள். குடித்தார். துண்டால் விசிறிக்கொண்டார். அப்போது அவர் மணிக்கட்டில் லைட் எரிந்தது.

அவர் அதைப் பார்த்தார். வரிசையில் சும்மா நிற்கிறவர்களின் லைட்டையெல்லாம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாவாவைப் பார்த்தார்.

"சிங்காரம், இங்க வா. நீதான் மொதல்ல கட்னவன். பொய் சொல்ல மாட்டே. சொல்லு, இது எப்போ எரியும்?"

ஒரு பொய்யில் பாவா தப்பிக்கலாம். மச்சினிச்சி ஏமாற்றிவிட்டாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும், மாலை, பெயர், தறி எல்லாம் மிஞ்சும். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன்.

பாவா முன்னால் வந்தார். மெதுவாகத்தான் வந்தார்.

"இப்போ, உட்கார்ந்தா எரியுதுங்க. முன்னே, ஓடினா எரிஞ்சிது. என் நெஞ்சுல கதவு சுருங்கிப் போச்சிங்க. ஓடினா செத்துடுவேன்னு டாக்டர் சொன்னாங்க. நான் சாவக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு பண்ணது இது. சாவற மாதிரி ஓடறப்போ எரிஞ்சிகினு இருந்துச்சு. நீங்க அதைப் பார்த்துட்டுதான் எனக்கு மாலை போட்டீங்க."

ராஜகோபாலுக்கு முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. நெஞ்சுக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சீக்கை மறைச்சி வெச்சிகினா என் தறியை ஓட்டினே? போடா வெளியே!" என்றார்.

எல்லோர் காதிலிருந்தும் கிளிப்பைப் பிடுங்கச் சொன்னார். மேஸ்திரி பிடுங்கிப் பிடுங்கி ஒரு கூடையில் போட்டான். நான் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், சித்தப்பா என்றும் பார்க்கவில்லை. என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பாவா தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பஸ் ஸ்டாப் வரை மூன்று இடத்தில் நின்றார். மூன்று இடத்திலும் நானும் கூடையோடு நின்றேன். இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த மனுஷர் அவர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அக்கா அழுதாள், என்னைத் திட்டினாள், கடைசியில் அவரை என்னோடு திருத்தணிக்கு அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் முறை வந்தால் ரயிலேற வசதியாக இருக்கும், என் கடையில் உட்கார்ந்தபடி செய்கிற வேலையும் இருக்கிறது. மறுநாள் காலையிலேயே பாவா கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒயருக்குத் தோல் உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பள்ளிப்பட்டு நாகேந்திரன். நேற்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த, காதால் கேட்ட மனுஷர். பாவாவை விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்தேன்.

அவர் பாவாவைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ராஜகோபாலுக்கு விவரம் பத்தாதும்மா. அவனை விடு. எனக்கு இருபது டப்பா வேணும். ஆனா அந்தப் பழைய மாதிரி வை. ஓடினாத்தான் எரியணும்."

ஊரெல்லாம் கேட்கிற என் வாய் அன்றைக்கு அடைத்துப் போனது. கையில் சூடு வைக்கிற கம்பி பழுக்கக் காய்ந்து இருந்தது. இவர் முகத்தில் அதை வைத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. பாவா எழுந்து வந்தார். முதலாளிமாரைக் கண்டால் துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிற என் பாவா, தோளில் துண்டோடு அவருக்கு நேரே நின்றார்.

"கடை மூடியாச்சுங்க" என்றார்.

"இன்னாது? மணி பத்துகூட ஆவலியே?"

"ஆங். மூடியாச்சு."

நாகேந்திரன் பின்னால் நகர்ந்தாரோ இல்லையோ, பாவா ஷட்டரை அவர் மூக்குக்கு முன்னால் தடதடவென்று இழுத்து இறக்கினார். கடைக்குள் இருட்டாகிவிட்டது. வெளியே கார் கிளம்பிப் போகும்வரை நாங்கள் அசையவில்லை. பாவாவுக்கு மூச்சு வாங்கியது. உட்காருங்க பாவா என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவரே தடவிப் பார்த்து ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டார்.